மூச்சுக்குழாய் பயிற்சியோடு நிற்கட்டுமே!



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தலைப்பு நகையோ, புடவையோ இல்லை. ஒரு முழ நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்!

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சைக்கிள் நன்றாக ஓட்டுவாள், ஓட்டத்திலும் கெட்டிக்காரி. நீச்சல் மட்டும் இரண்டு வருடமாகத்தான். கோவாவில் 2019-ல் தொடங்கிய 'அயர்ன்மேன் 70.3' என்ற ட்ரையத்லான் போட்டியில் ஒருநாள் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை.

தெரியாத தோழிகளுக்காகச் சொல்கிறேன். ட்ரையத்லான் என்றால் முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். உடை மாற்றும் நேரம்கூட கணக்கில் சேரும். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டு. அங்கே நீச்சல் ஒன்றரை கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10. கோவாவில் கடலில் 1.9 கிலோமீட்டர், சைக்கிள் 90, ஓட்டம் 21. கேட்டதுமே எனக்குத் தலை சுற்றியது.

இவளுக்கு நீச்சலில் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்குவதுதான் தகராறு. அதனால் பயிற்சியாளர் ஒரு 'ஸ்நார்கெல்' வாங்கச் சொன்னார். வாயில் கவ்விக்கொண்டால் குழாய் நெற்றி வழியாக மேலே நிற்கும். தலையைத் திருப்பாமலே மூச்சு விடலாம். கையும் காலும் ஒழுங்காகப் படிய நல்ல சாதனம். ஆனால் உலக ட்ரையத்லான் அமைப்பின் விதிப்படி போட்டியில் இதற்குத் தடை. அமெரிக்காவில் சில போட்டிகளில் அனுமதித்ததும் உண்டாம்.

"இது என்னம்மா நியாயம்? குளிர் நாட்டுல ரப்பர் டிரஸ் போட்டுக்க விடறாங்க, அது ஆளையே மிதக்க வைக்குது. என்னோட குழாய் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று பொரிந்தாள் மகள்.

என் கணவர் உடனே அவள் கட்சி. "கண்ணு மங்கினவங்க கண்ணாடி போடறதில்லையா? பரிசுக்காகவா போறா? முடிச்சா போதும்னு போறா. விட்டுட்டுப் போகட்டுமே" என்றார்.

உண்மையைச் சொன்னால் முதலில் நானும் அதே கட்சிதான். காரணம், ஐம்பது வயதில் நானும் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தில் காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். மகளின் பழைய குழாயை மாட்டிக்கொண்டு நானும் ஜம்மென்று நாலு தடவை போய் வந்தேன். பெரிய நீச்சல்காரி ஆகிவிட்ட நினைப்பு!

ஒரு நாள் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் தொப்பென்று குதித்தாள். அலை எழும்பி, குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. நான் மூச்சை இழுத்தேன், வாய் நிறைய தண்ணீர். பலமாக ஊதி அதை வெளியே தள்ள வேண்டும். ஊதுவதற்கு நெஞ்சில் காற்று இருந்தால்தானே? குழாயை உதறிவிட்டுப் பார்த்தால், அது இல்லாமல் மூச்சு வாங்கத் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்து இருமித் தீர்த்தேன். தண்ணீர் என் மார்பளவுதான். காலை ஊன்றினால் தரை இருந்தது. கடலில்?

அன்றைக்குத்தான் நான் கட்சி மாறினேன்.

போட்டியில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாகத் தண்ணீரில் பாய்வார்கள். ஒருவர் கால் இன்னொருவர் முகத்தில் படும். குழாய் ஒரு உதையில் கழன்றுவிடும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த போட்டிகளை மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். திடீர் மரணம், மாரடைப்பு, விபத்து மரணம் என்று 135 பேர் கணக்கில் வந்தார்கள். அதில் 90 பேருக்கு நீச்சலின்போதுதான் நடந்திருக்கிறது. சைக்கிளில் விழுவதுதான் ஆபத்து என்று நான் நினைத்திருந்தேன். பெரும் கண்டம் தண்ணீரில்தான். அங்கே போகிறவளுக்குக் குழாய் துணை இல்லை, தைரியம் இருப்பதுபோல ஒரு தோற்றம், அவ்வளவுதான்.

ரப்பர் உடையைப் பற்றி மகள் கேட்டது நியாயமான கேள்வி. அது மிதக்க உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை அனுமதிப்பது குளிரில் உடம்பு விறைத்துப் போகாமல் இருக்க. கனம் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அதுவும் கிடையாது. அதுமட்டுமல்ல, உடை கழன்று விழாது. வாயிலிருக்கும் குழாய் விழும்.

அப்படியானால் பயந்தவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எந்த விதமாகவும் நீந்தலாம். மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்து நீந்தலாம், தவளை நீச்சல் அடிக்கலாம். மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், அதைப் பிடித்து முன்னேறத்தான் கூடாது. கையைத் தூக்கினால் உதவிக்கு வருவார்கள். விதி இரக்கமில்லாதது என்று எப்படிச் சொல்வது?

உடல் குறையால் கழுத்தைத் திருப்பவே முடியாதவர்கள் விஷயம் வேறு. 2016 ரியோ பாராலிம்பிக்ஸிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு ட்ரையத்லான் இருக்கிறது. கண் தெரியாதவர்கள் துணைக்கு ஒருவரோடு கயிற்றால் இணைந்து நீந்துகிறார்கள். அதேபோல மருத்துவர் சான்றோடு, தனிப் பட்டியலில், பக்கத்தில் ஒரு துணையோடு குழாய்க்கு அனுமதி கொடுத்தால் நான் கைதட்டுவேன். தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிற உதவி அது. கற்றுக்கொள்ளப் பொறுமையில்லாதவர்களுக்குக் கொடுப்பது அப்படியல்ல.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், காவிரிக்கரையில் பிறந்தவர், கடைசியில் வாயைத் திறந்தார். "நாங்களும் சுரைக்குடுக்கையை முதுகுல கட்டிக்கிட்டுத்தான் கத்துக்கிட்டோம். ஆத்தைத் தாண்டறேன்னு பந்தயம் கட்டினா குடுக்கையை அவுத்துக் கரையில வெச்சுட்டுத்தான் இறங்கணும். இல்லேன்னா எங்கப்பா விடவே மாட்டாரு" என்றார். பட்டிமன்றம் அதோடு முடிந்தது!

மகள் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "நீ பயந்தாங்கொள்ளிம்மா" என்கிறாள். இருந்தாலும் இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் குழாயைக் கரையில் வைத்துவிட்டு, மல்லாந்து மிதக்கவும் பக்கவாட்டில் மூச்சு வாங்கவும் பழகுகிறாள். அடுத்த வருடம் போனால் நானும் கரையில் நிற்பேன், கையில் துண்டோடு.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாயை அனுமதிப்பதற்குப் பதிலாக, புதிதாக வருகிறவர்களுக்குப் போட்டிக்கு முன்பே கடலில் பழக ஒரு நாள் கொடுங்கள். கூட்டமாக விடாமல் சிறு சிறு குழுவாக இறக்குங்கள். பெண்கள் இன்னும் நிறைய பேர் வருவார்கள்.

என்னைப் போல அம்மாக்களே, மகள் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். குழாய் இல்லாமல் மூச்சு வாங்கத் தெரியுமா என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் சொல்வது சரியா, தப்பா? நீங்களும் எழுதுங்களேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி