நாற்பது சம்பாவும் ஆயிரம் நிலைமைகளும்

மாணவர்களே! முத்துப்பேட்டைப் பக்கத்து உழவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காவிரியின் கடைமடை அது. பாமணியாறும் கோரையாறும் அங்கேதான் கடற்கழியில் கலக்கின்றன. மேட்டூரில் திறக்கும் நீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் இடம். இந்த ஆண்டு சம்பாவுக்கு நேரடி விதைப்பா, நடவா? ஏறக்குறைய 155 நாள் வயதுள்ள சி.ஆர். 1009 நெல்லா, வயது குறைந்த ரகமா? அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அணையின் நீர்மட்டம், வாய்க்காலில் நீர் வரும் நாள், வடகிழக்குப் பருவமழை, மண்ணின் உப்பு, வடிகால், பூச்சி, கூலி என்று பார்க்க வேண்டியவை பத்து என வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என இரண்டே விடைகள் என்றாலும் 1024 வகை நிலைமைகள் வந்துவிடுகின்றன! சம்பாவோ ஆண்டுக்கு ஒன்று. வாழ்நாளில் நாற்பது கண்டால் அதிகம். அதிலும் நட்ட வயலில் அதே ஆண்டு விதைத்திருந்தால் என்ன விளைந்திருக்கும் என்பதைப் பார்க்கவே முடியாது.

எல்லாவற்றையும் கணிப்பொறியில் போட்டால் விடை வந்துவிடும் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆறு ஆண்டு விளைச்சலை 'நன்று', 'தீது' என வரிசையாக எழுதுங்கள். 64 நாணயங்களை ஆளுக்கு ஆறு முறை சுண்டுங்கள். சராசரியாக ஒரு நாணயம் அந்த வரிசையை அப்படியே ஒப்பிக்கும்! அதற்கும் நெல்லுக்கும் என்ன உறவு?

உண்மையில் மூன்றே காரணங்கள் முக்கியம் என்றால் நிலைமைகள் எட்டுதான். நாற்பது ஆண்டு அனுபவம் ஓரளவு போதும். வேண்டாத காரணங்களின் எடையைச் சுழியாக்கிவிடும் கணக்குமுறை ஒன்றை ராபர்ட் திப்ஷிரானி 1996-இல் வெளியிட்டார். ஆனால் அந்த மூன்று எவை? அதற்குச் சோதனை வேண்டும். இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று தெரியாதபோது, நல்லதாகத் தோன்றுவதை அதிகமாகவும் மற்றதைக் கொஞ்சமாகவும் தொடர்ந்து கொடுத்துப் பார்க்கலாம் என 1933-இலேயே வில்லியம் தாம்சன் எழுதினார். வயலின் ஒரு மூலையில் வேறு ரகம் விதைத்துப் பார்க்கும் உழவரும் இதைத்தானே செய்கிறார்?

ஆனால் ஓர் ஏக்கர் மட்டுமே உள்ளவருக்கு அந்த மூலை, வீட்டுச் சோறு. சோதனை தோற்றால் நட்டம் அவருக்கு. கிடைக்கும் அறிவோ ஊருக்கெல்லாம். இது நியாயமா? ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இருக்கிறது. ஆயினும் ஆடுதுறை மண் வேறு, கழியோர மண் வேறு. கடைமடை வயல்களிலேயே சோதனை மூலைகள் நிறைய வேண்டும். பொய்த்த மூலைக்கு உரிய நெல்லின் விலையை அரசு உழவர் கையில் கொடுக்க வேண்டும்.


உங்கள் வீட்டில் வயல் இருந்தால், நீர் வந்த நாளையும் விதைத்த நாளையும் இந்தச் சம்பாவிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மூலையில் விதைத்தது பொய்த்தாலும் அதையும் எழுதுங்கள்.