உங்களுக்கென்ன, திருப்பூர்ல இருக்கீக!

போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியிலிருந்து தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். மாசியில் மூத்தவளுக்குக் கல்யாணம். நல்ல சேதிதான், கேட்டதும் மனசு நிறைந்தது. கடைசியில் ஒன்று சொன்னாள்: "ஒரு லட்சம் மட்டும் நீங்க பாத்துக்கங்க மதினி. உங்களுக்கென்ன, டாலர் பொழங்குற ஊர்ல இருக்கீக!"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் கேட்டதற்காக அல்ல, சொந்தத்தில் கேட்காமல் எங்கே கேட்பாள்? அந்த 'உங்களுக்கென்ன'தான் நெஞ்சில் தைத்தது. திருப்பூர் மண்ணரைக்கு வந்து இருபத்திரண்டு வருசம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டேன்.

திருப்பூர் பணக்கார ஊர்தான், மறுக்கவில்லை. 2024-25-ல் மட்டும் ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி ஆனது. அந்தத் துணியில் ஒவ்வொரு பீஸையும் யாரோ ஒருத்தி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, பிசிறு வெட்டி, ஓட்டையோ கறையோ இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே எடுத்து வைத்திருக்கிறாள். நான் செக்கிங்கில் அந்த வேலைதான் செய்கிறேன். வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர். காலை எட்டரைக்குள் கம்பெனிக்குள் போய்விட வேண்டும். மாலை ஐந்தரை வரை ஒரு ஷிஃப்ட், ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை. செக்கிங்கில் நின்றேதான் வேலை. ஒன்றரை பார்த்தால்தான் வாடகை போக மிச்சம் பிடிக்க முடியும். அதனால் இங்கே மாசச் சம்பளத்தை யாரும் விசாரிப்பதில்லை. "இந்த வாரம் எத்தனை ஷிஃப்ட்?" என்றுதான் கேட்போம். சனிக்கிழமை கையில் வருவது அடுத்த புதன்கிழமை தாண்டாது.

வெளியூர்க்காரர்களுக்கு விளங்காத ஒன்று உண்டு. ஊர் பணக்கார ஊர் என்றால் அங்கே இருக்கிற ஏழைக்கும் பணக்கார விலைதான். நாங்கள் இருப்பது லைன் வீடு. வரிசையாக எட்டு வீடு, அதற்கு இரண்டு கக்கூஸ். இரண்டே அறைக்கு 5,500 ரூபாய் வாடகை. வீட்டுக்காரம்மா நல்ல மனுசி, பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வருசா வருசம், "ஆவணியிலிருந்து கொஞ்சம் சேத்திக் குடுத்துருங்க அம்மிணி" என்று சொல்லாமல் இருந்ததில்லை. ஆர்டர் நிறைய வருகிறது, ஊரில் காசு ஓடுகிறது என்று காரணம் சொல்வார்கள். ஆர்டர் வந்தால் ஏறுகிற வாடகை, ஆர்டர் நின்றால் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

ஆர்டர் நிற்பதைப் பல தடவை பார்த்துவிட்டோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். நொய்யலில் விட்ட சாயத் தண்ணீர் கீழே ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையைத் திறக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்கிற நிலைமை வந்தது. மூட வேண்டியதுதான். ஆனால் மூடிய நாட்களில் துணி இல்லாமல் தையல் மிஷினும் நின்றது. எங்கள் லைனில் மூன்று வீட்டார் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனார்கள். 2020-ல் கொரோனா வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. இங்கிருந்து போகும் துணியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த மாசம் முதல் எனக்கு ஒன்றரை கிடையாது. சில வாரம் நாலு நாள்தான் வேலை. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு மண்ணரையில் அரிசி வாங்குவதைக் குறைத்தோம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணி. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். நல்லதண்ணி வருகிற நாளில் வேலைக்கு லீவு போட்டுக் குடம் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஒரு ஷிஃப்ட் கூலி அதில் போச்சு. பிடிக்க முடியாதவர்கள் கேன் தண்ணீர் வாங்குகிறோம். உசிலம்பட்டியில் என் தம்பி வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியதில்லை.

உடம்புக்கு முடியாமல் போனால்? லட்சக்கணக்கான தொழிலாளிகள் இருக்கிற ஊர். ஈஎஸ்ஐ-க்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்வார்கள். பெரிய ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி என்றால் வருசக்கணக்கில் கோயம்புத்தூர் சிங்காநல்லூருக்குத்தான் பஸ் ஏறினோம். இங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022-ல். இத்தனை அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்த ஊருக்கு அது வர அவ்வளவு காலமா பிடிக்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

தீபாவளிக்கு ஊருக்குப் போனால் எல்லாரும் பனியன் கேட்கிறார்கள். கம்பெனியில் சும்மா கிடைக்கும் என்று நினைப்பு. வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டில் எங்கள் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஒரு நூல்கூட எங்களோடு வராது. நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிற பனியன் எல்லாம் இங்கே காதர்பேட்டைக் கடைகளில் காசு கொடுத்து வாங்கியது. போனஸில் பாதி அதற்கும் பஸ்ஸுக்கும் போகும். கை வீசிக்கொண்டு போக மனசு கேட்காது. அத்தை எப்போது வருவாள் என்று வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்கு வாங்காமல் எப்படிப் போவது?

என் தம்பி மகளுக்கு நான் செய்வேன். ஒரு லட்சம் முடியாது, அரைப் பவுனாவது போட வேண்டும் என்று ஆவணியிலிருந்தே சீட்டு கட்டுகிறேன். அதைத் தம்பி பெண்டாட்டியிடம் அடுத்த ஞாயிறு நானே சொல்லிவிடுவேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு அக்காளோ தங்கச்சியோ, சித்தப்பா மகனோ இந்த ஊரில் இருந்தால், பேசுகிறபோது 'உங்களுக்கென்ன' என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த வாரம் எத்தனை ஷிஃப்ட் கிடைத்தது என்று முதலில் கேளுங்கள்.