பந்தியில் உட்காரட்டும் பிள்ளை

காரைக்குடிப் பக்கம் விசேஷ வீடு என்றால் இலையில் என்னென்ன விழும் என்று சொல்லவா வேண்டும்? கந்தரப்பம், உக்காரை, கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம்... அந்தப் பந்தியில் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளை உட்கார்ந்தால் போதும், ''அய்யோ பாவம், இதுக்கு இனிப்பு வைக்காதீங்க!'' என்று பக்கத்து இலையிலிருந்து ஒரு குரல் வரும். ஊசி வலியைவிட அந்தக் குரல்தான் பிள்ளைக்கு அதிகம் வலிக்கும்.

இது இனிப்பு தின்று வந்த நோய் இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. சுரக்காத ஹார்மோனைத்தான் தினமும் ஊசியில் கொடுக்கிறோம். 1922-ல் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளில் பலர் ஓரிரு வருடங்கள்கூடத் தாங்கியதில்லை. அதனால், ''ஊசியை நிறுத்திட்டு கஷாயம் குடுத்துப் பாரேன்'' என்று அப்பத்தாவே சொன்னாலும் கேட்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

சரி, பந்தியில் என்ன செய்வது? 'இனிப்பு கூடாது, மற்றதெல்லாம் சாப்பிடலாம்' என்பது தப்புக் கணக்கு. வெள்ளைப் பணியாரம் இனிக்காது; ஆனால் அதுவும் அரிசிதான், சுகரை ஏற்றும். எத்தனை பணியாரத்துக்கு எத்தனை யூனிட் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அளவாக ஒரு கந்தரப்பத்துக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டு.

இன்னொன்று. முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா என்று தெரியாமல் சாப்பாட்டு ஊசியைப் போட்டுவிடாதீர்கள். சாப்பாடு தாமதமானால் சுகர் இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, பிள்ளை சோர்ந்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொன்ன அளவு குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எல்லாவற்றையும் தடுத்தால் பிள்ளை ஒளிந்து தின்னும், தின்றதைச் சொல்லாது. சொல்லாத பணியாரத்துக்கு ஊசிக் கணக்குப் போட முடியுமா? ''எத்தனை சாப்பிட்டே கண்ணு?'' என்று கோபமில்லாமல் கேளுங்கள். உண்மையைச் சொல்லப் பயப்படாத பிள்ளையைத்தான் நாம் காப்பாற்ற முடியும்.