மதியம் மூன்று மணிக்கே இருட்டும் ஊரில் தென்காசிப் பிள்ளைகள்!

குற்றாலத்தில் சீசன் ஓய்கிற ஆகஸ்ட் கடைசியில்தான் ஸ்வீடன் பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் தொடங்குகின்றன. தென்காசியிலிருந்து அங்கே மேற்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளையின் பெட்டியில் ஸ்வெட்டரும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் ஏறும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம், குளிர். ஆனால், குளிரைச் சமாளித்துவிடலாம். வீடு, வகுப்பறை, பேருந்து என எல்லா இடத்திலும் கதகதப்புக்கு வசதி உண்டு. பிள்ளைகளைச் சோர்ந்துபோக வைப்பது வேறு.

முதல் சிக்கல், ஓர் எண். நம்மூர் ஆதார் மாதிரி அங்கே தனிநபர் எண் உண்டு. ஓராண்டோ அதற்கு மேலோ தங்குகிறவர்களுக்கு வரித்துறை அதைக் கொடுக்கும். கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை வங்கிக் கணக்கு திறப்பதே சிரமம். நம்மூர் ஜிபே போல அங்கே எல்லோரும் பயன்படுத்தும் 'ஸ்விஷ்' செயலியும் கிடைக்காது. பல கடைகளில் ரொக்கம் வாங்கவும் மாட்டார்கள். வெளிநாட்டில் செல்லுபடியாகும் கார்டு ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோவது நல்லது.

அடுத்து, சின்னச் சின்னப் பழக்கங்கள். துணி துவைக்கும் பொது அறைக்கு முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். பேராசிரியரை 'சார்' என்று அழைக்காமல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது வாயில் வர மாசக்கணக்காகும். விடுதியின் பொதுச் சமையலறையில் கடுகும் வற்றலும் தாளித்தால் புகை அலாரம் அலறிவிடலாம். ஆறுதலாக ஒன்று: செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அவர்களும் வீட்டுக்குள் போகிறார்கள்!

இதெல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். அதற்குள் வந்துவிடுகிறது இருட்டு.

டிசம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில் காலை 8.45 வாக்கில் சூரியன் உதிக்கும். பிற்பகல் 2.50-க்குள் மறைந்துவிடும். பகலே 6 மணி நேரம்தான். தென்காசியில் வருடத்தின் மிகக் குறுகிய பகல்கூட சுமார் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். வெயிலிலேயே வளர்ந்த உடம்பு இதில் குழம்பிப்போகிறது. தூக்கம் கெடும், காரணமில்லாமல் மனசு கனக்கும். 'வெளியே போய் என்ன செய்ய' என்று அறைக்குள்ளேயே கிடக்கத் தோன்றும். சிக்கல் பெரிதாவது அங்கேதான்.

இதற்கு வழி குற்றாலத்துக்காரர்களுக்கே தெரியும். சாரல் விழுந்தால் மற்ற ஊர்களில் வீட்டுக்குள் ஓடுவார்கள். இங்கேயோ துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்புவார்கள். ஸ்வீடன்காரர்கள் குளிர்காலத்தை நடத்துவதும் அப்படித்தான். கைக்குழந்தையைக்கூடப் போர்த்தி, தள்ளுவண்டியில் வெளியே தூங்க வைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் நண்பகல் வெளிச்சத்தில் அரைமணி நேரமாவது நடக்க வேண்டும். 'ஃபீகா' என்று சக மாணவர் காபிக்குக் கூப்பிட்டால், கூச்சப்படாமல் போக வேண்டும். அங்கே நட்பு தொடங்குவது பெரும்பாலும் அந்தக் காபியில்தான். சோர்வு விடாமல் தொடர்ந்தால், பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் ஆலோசனை கேட்கலாம். மருத்துவ யோசனைக்கு 1177 என்ற எண் இருக்கிறது.

ஆனால், பலர் வாய் திறப்பதில்லை. காரணம், பணம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2011 முதல் ஸ்வீடன் கல்விக் கட்டணம் வாங்குகிறது. கடன் வாங்கியோ நகையை வைத்தோ அனுப்பிய வீட்டில், 'எனக்கு இங்கே முடியலம்மா' என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? 'நல்லாருக்கேன்' என்று முடித்துவிடுகிறார்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அதன்பின் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். தென்காசியில் இரவு ஒன்பதரைக்கு அம்மா போன் போடும்போது அங்கே மாலை ஐந்துதான். டிசம்பரில் அதற்குள் இருட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். 'சாப்டியா?' என்று கேட்பதோடு, 'இன்னிக்கு வெளியே போனியா? யார்கூடப் பேசுன?' என்றும் கேளுங்கள். 'போகலை' என்று பதில் வந்தால் திட்ட வேண்டாம். அன்றைக்குப் போனை மட்டும் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.