வாட்ச் காட்டும் கலோரியை நம்பி மசால் தோசை சாப்பிடலாமா?

காலையில் 45 நிமிட வாக்கிங். முடித்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பினால், ஸ்மார்ட்வாட்ச் ‘400 கலோரி’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அப்போ ஒரு மசால் தோசைக்கு கணக்கு சரியாப் போச்சு’ என்று அப்படியே ஓட்டலுக்குள் நுழைபவர்கள் இன்று ஏராளம். பல டயட் ஆப்களும் இதைத்தான் செய்கின்றன. வாட்ச்சிலிருந்து ‘எரிந்த கலோரி’யை எடுத்து, அன்றைய சாப்பாட்டு பட்ஜெட்டில் கூட்டிவிடுகின்றன.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் நடந்தால், உடற்பயிற்சித் துறையில் வழக்கமாகப் பயன்படுத்தும் அட்டவணைப்படி செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 180 கலோரி. அதிலும் 50 கலோரி வரை, அந்த நேரம் முழுக்க சோபாவில் சாய்ந்திருந்தாலும் உடல் செலவழித்திருக்கும். அதாவது, நடந்ததால் கூடுதலாகப் போனது 130 சொச்சம்தான். மசால் தோசையோ, எண்ணெயின் தாராளத்தைப் பொறுத்து, 300-ஐத் தாண்டிவிடும்.

அப்படியென்றால் அந்த 400 எங்கிருந்து வந்தது?

கலோரியை வாட்ச் அளப்பதே இல்லை

ஒருவர் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார் என்று ஆய்வகத்தில் பார்க்க, முகத்தில் மாஸ்க் மாட்டி, அவர் இழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பார்கள். வாட்ச்சுக்கு அந்த வசதி கிடையாது. அதற்குத் தெரிவது முக்கியமாக இரண்டே விஷயம்: கை எப்படி அசைகிறது, நாடி எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது. அத்துடன் செட்டிங்ஸில் நீங்கள் கொடுத்த வயது, உயரம், எடை, பாலினத்தைச் சேர்த்து, நிறுவனம் வைத்திருக்கும் ஃபார்முலா ஒரு எண்ணை ஊகிக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் அந்த ஃபார்முலாவை வெளியே சொல்வதில்லை. போன வருஷம் இறங்கிய எடையையோ ஏறிய எடையையோ ஆப்பில் மாற்றாமல் விட்டிருந்தால், ஊகம் இன்னும் தள்ளிப்போகும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதைச் சோதித்தார்கள். 60 பேர், 7 மணிக்கட்டுக் கருவிகள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் ஒன்றுகூட தேறவில்லை. இருப்பதிலேயே நன்றாகச் செய்த கருவியின் சராசரிப் பிழையே 27 சதவீதம். கடைசி இடத்தில் இருந்ததற்கு 93 சதவீதம். சென்சார்கள் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அசைவையும் நாடியையும் வைத்து ஆற்றலை ஊகிக்கும் முறை மாறவில்லை.

இன்னொரு குழப்பம், பலர் கவனிக்காதது. சில திரைகளில் இருப்பது ‘ஆக்டிவ்’ கலோரி, வேறு சிலவற்றில் ‘டோட்டல்’ கலோரி. டோட்டல் என்றால் சும்மா இருந்தாலும் செலவாகும் கலோரியும் அதில் அடக்கம். டயட் ஆப்பில் அன்றாட சாப்பாட்டுக் கணக்கு போடும்போதே அந்த அடிப்படைச் செலவைச் சேர்த்திருப்பார்கள். அங்கே டோட்டலைக் கொண்டுபோய்க் கூட்டினால் ஒரே கலோரி இரண்டு முறை எண்ணப்படும்.

நம்ம ஊர் வெயிலும் இதில் ஒரு பார்ட்டி. மே மாதத்துச் சென்னைப் புழுக்கத்தில், டிசம்பரில் நடக்கும் அதே வேகத்தில் நடந்தாலும் நாடி அதிகமாகத் துடிக்கும். உடலைக் குளிரவைக்கத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதுதான் காரணம். நாடியை நம்பும் ஃபார்முலா இதைக் கூடுதல் உழைப்பு என்று எடுத்துக்கொண்டு, கலோரியை ஏற்றிக் காட்ட வாய்ப்பு உண்டு.

நாடியில் வாட்ச் பரவாயில்லை, ஆனால்…

வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்குதான் நாடி பார்க்கும் கருவி. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் ரத்த ஓட்டம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை எண்ணினால் நாடித்துடிப்பு. ஒரே சீரான நடை, ஓட்டத்துக்கு இது போதும். டம்பெல்லை இறுக்கிப் பிடிக்கும்போதும், மணிக்கட்டை மடக்கும் பயிற்சிகளிலும் தடுமாறும். ஸ்ட்ராப் தொளதொளவென்று இருந்தாலும், பச்சை குத்திய இடத்தில் கட்டினாலும் அப்படித்தான். அந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், கருமையான தோல் உள்ளவர்களிடம் பிழை அதிகமாக இருந்ததும் பதிவானது. நம் வாசகர்களில் பலருக்கும் பொருந்தும் விஷயம் இது. விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. துல்லியமான நாடிக் கணக்கு வேண்டுமென்றால், மார்பில் கட்டும் செஸ்ட் ஸ்ட்ராப்தான் நல்லது. அது இதயத்தின் மின் சிக்னலை நேரடியாகப் பிடிக்கிறது.

நாடி சரியாகவே வந்தாலும் ‘ஃபேட் பர்ன் ஸோன்’, ‘கார்டியோ ஸோன்’ என்று வாட்ச் பிரிப்பதில் இன்னொரு ஊகம் ஒளிந்திருக்கிறது. பல கருவிகள் ‘220 கழித்தல் வயது’ என்ற பழைய சூத்திரத்தை வைத்தே அதிகபட்சத் துடிப்பை முடிவு செய்கின்றன. 30 வயதுக்காரருக்கு 190. ஆனால் அதே வயதில் ஒருவருக்கு 178, இன்னொருவருக்கு 202 என்று இருப்பது ரொம்ப சகஜம். உயர் ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஸோன்கள் சுத்தமாகப் பொருந்தாது. மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. மருத்துவர்கள் சொல்லும் இந்த எளிய சோதனைக்கு பேட்டரியும் வேண்டாம்.

10,000 அடி யார் சொன்னது?

எந்த மருத்துவரும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயர் ‘மான்போ-கெய்’. பொருள்: பத்தாயிரம் அடி மீட்டர். ஒரு பொருளின் பெயர்தான் உலகத்துக்கே இலக்காகிவிட்டது.

ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் ஆறுதலான சேதி. ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீ குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பெண்களில், நாளொன்றுக்கு சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025-ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ வெளியிட்ட கட்டுரையும் 7,000 அடியை நல்ல இலக்காகக் காட்டுகிறது. ஆபீஸ், வீடு, மெட்ரோ என்று ஓடுபவர்கள் 6,500-ல் நின்றுவிட்டோமே என்று இரவு 11 மணிக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கத் தேவையில்லை.

அப்போ வாட்ச் வாங்கினது வேஸ்ட்டா?

இல்லை. இந்தியாவில் வயது வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், 2022 நிலவரப்படி 49.4 சதவீதம், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் தயாரித்த கணக்கு. அவர்களை நாற்காலியிலிருந்து எழுப்ப இந்தக் கருவிகள் உதவுகின்றன. டிராக்கர் அணிபவர்கள் நாளுக்குச் சராசரியாக 1,800 அடி கூடுதலாக நடக்கிறார்கள் என்று 2022-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. எடை? சுமார் ஒரு கிலோ குறைகிறது. அவ்வளவுதான்.

எடை விஷயத்தில் எச்சரிக்கையும் உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 18 முதல் 35 வயதுள்ள 471 பேரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்தது. எல்லோருக்கும் ஒரே டயட், ஒரே ஆலோசனை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு குழுவுக்கு மட்டும் அணியும் கருவி கொடுத்தார்கள். முடிவில் கருவி இல்லாதவர்கள் குறைத்தது 5.9 கிலோ, கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ. 2016-ல் இந்த முடிவு வந்தபோது பலரும் புருவத்தை உயர்த்தினார்கள். ‘நிறைய எரிச்சாச்சு, கொஞ்சம் சாப்பிடலாம்’ என்ற நினைப்பு காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் மசால் தோசைக் கணக்கு போட்டவர்களுக்கு அது புரியும்.

ஆகவே கலோரியை ஒதுக்கிவிட்டு, வாட்ச்சை உங்களோடு உங்களையே ஒப்பிடப் பயன்படுத்தலாம். காலை எழுந்ததும் இருக்கும் ஓய்வு நாடித்துடிப்பு மாதக்கணக்கில் மெல்ல இறங்குகிறதா? அதே பூங்கா ரவுண்டை அதே வேகத்தில் முடிக்கும்போது நாடி முன்பைவிடக் குறைவா? பிழை இருந்தாலும், ஒரே வாட்ச் ஒரே மாதிரி பிழை செய்தால் மாற்றம் தெரியும். டயட் ஆப்பில் ‘உடற்பயிற்சி கலோரியைச் சேர்’ என்ற ஆப்ஷனை ஆஃப் செய்துவிடலாம்.

எண் மணிக்கட்டை விட்டு வெளியே போனால்?

இப்போது இந்த எண்களுக்குப் பணமதிப்பும் வந்துவிட்டது. நம் நாட்டில் சில ஹெல்த் இன்ஷூரன்ஸ் திட்டங்கள், நாளுக்கு இத்தனை அடி நடந்தால் அல்லது இத்தனை கலோரி எரித்தால் பிரீமியத்தில் சலுகை தருகின்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயும் இத்தகைய நலத் திட்டங்களை அனுமதிக்கிறது. நடக்க ஊக்கம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் பிறந்த 10,000-ம், வாட்ச் மிக மோசமாக ஊகிக்கும் கலோரியும் அளவுகோலாக இருப்பது வேடிக்கை. ஒரே தூரம் நடந்த இருவரில், வாட்ச் குறைத்துக் காட்டியவருக்குச் சலுகையும் குறையும்.

சலுகைக்காக ஆப்பை இணைக்கும்போது நாடி, தூக்கம், நடந்த பாதை எல்லாம் சேர்ந்து போகலாம். 2017-ல் ‘ஸ்ட்ராவா’ ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே ராணுவ முகாம்களின் இருப்பிடம் வெளியே தெரிந்தது. தனிநபர் பெயர் எதுவும் அதில் இல்லை. தடங்களே போதுமானதாக இருந்தது. இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலுக்கென்று தனிப் பிரிவு எதுவும் வைக்கவில்லை. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளிலும், ஒப்புதல் பெறுவது போன்ற நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்தே அமலுக்கு வருகின்றன. எனவே இன்ஷூரன்ஸ் ஆப் கேட்கும் அனுமதிப் பட்டியலில் அடிக்கணக்கு மட்டும் போதுமா, லொகேஷனும் தூக்கமும் எதற்கு என்று பார்த்து, தேவையில்லாததை அங்கேயே நீக்கிவிடலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஒவ்வொன்றாக ஆஃப் செய்யும் வசதி இருக்கிறது.