நம் இசைக்கு யார் சான்று?

யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் ‘யோகி பி & நட்சத்ரா’ என்னும் பெயரில் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை நினைக்கும்போதெல்லாம், அதனை நாம் முழுமையாகக் கேட்டோமா, அன்றி ஒரு பாட்டை மட்டும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஏனையவற்றை மறந்துவிட்டோமா என்னும் வினா என் மனத்தை வருத்துகிறது.

அவ்வொரு பாட்டு ‘மடை திறந்து’. 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய அக்கீதம், வாய்ப்புத் தேடி அலையும் இளம் இசைக்கலைஞன் ஒருவனின் கனவு. அக்கனவை மலேசிய இளைஞர்கள் தமதாக்கிக்கொண்டு சொல்லிசை கோத்துப் பாடியது மிகவும் பொருத்தமே. மெர்சிங் படகுத்துறையில், தியோமான் செல்லும் படகில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள், பழைய மெட்டு ஓய்ந்து சொல்லிசை தொடங்கும் இடம் வந்ததும், தோளிலிருந்த மூட்டையை இறக்கவும் மறந்து, ஓரெழுத்தும் பிசகாமல் கூடவே பாடியதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

அப்பொழுது இச்சொல்லிசையைக் கேட்டு முகம் சுளித்த பெரியோர் சிலர், 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தில் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டின் மறு ஆக்கத்தில் யோகி பியின் குரல் ஒலித்ததும், “நம் பையன்” என்று உரிமை கொண்டாடினார்கள். சென்னை முத்திரை குத்திய பிறகே நம் சரக்கை நாம் மதிப்பது எவ்வளவு துக்ககரமானது! யோகி பி, பொயட்டிக் அம்மோ என்னும் சொல்லிசைக் குழுவினருடன் 1998-லேயே தொகுப்பு வெளியிட்டவர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்?

இதற்கு மாறான வழியும் உண்டு. அமெரிக்காவில் உழவரும் சுரங்கத் தொழிலாளரும் வளர்த்த ‘கண்ட்ரி’ இசையை நகரத்து ரசிகர்கள் நெடுங்காலம் பாமரம் என்று இகழ்ந்தனர். ஆயினும் அவ்விசைக்குரியவர்கள் பிறர் அங்கீகாரத்துக்குக் காத்திராமல், 1961-இல் தாமே ஒரு கௌரவ மண்டபத்தை நிறுவி, ஜிம்மி ராட்ஜர்ஸ், ஹாங்க் வில்லியம்ஸ் முதலியோரை அதில் அமர்த்தினார்கள். பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் வீடுகளைவிட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் பேசிய தமிழைத் தாளத்தில் ஏற்றிய சொல்லிசைக்கு, அத்தகைய மரியாதையை நாம் செய்யவில்லை.

இனியேனும் மின்னல் எஃப்.எம். வானொலி வாரத்தில் ஒரு மணி நேரமேனும் உள்ளூர்த் தொகுப்பு ஒன்றை முதற்பாட்டு முதல் கடைசிப் பாட்டுவரை ஒலிபரப்பட்டும். 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சில் வாராதவற்றையும் உள்ளடக்குவதால், நம் கலைஞர்களின் இசைத்தட்டுகள் தேசிய நூலகத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றைத் தேடிச் சேர்க்கும் பணியை நம் தமிழ்ச் சங்கங்கள் இவ்வாண்டே ஏற்க வேண்டும். அலமாரிகளில் கிடக்கும் குறுந்தட்டுகளில் கீறல் விழுந்துகொண்டிருக்கிறது.