திங்கட்கிழமை இருமல்

கல்லூரியிலே உடல்நலப் பாடம்! பல்கலைக்கழக மானியக்குழு 2022 இல் வகுத்த பாடத்திட்டத்தில் அதற்கும் இடமுண்டு. வரவேற்கிறோம். ஆனால், பொங்கலூர் வட்டாரத்துப் பஞ்சாலைத் தோழனின் நெஞ்சடைப்பு அந்த ஏட்டிலே ஏறுமா?

பஞ்சுத் தூசு நுரையீரலைத் தாக்குவதால் வருவது பிஸினோசிஸ். விடுமுறை கழிந்து ஆலைக்குள் நுழையும் முதல் நாளிலே மார்பு இறுகும். ஆண்டுகள் செல்லச் செல்ல மூச்சே நிலையாகத் திணறும்.

கை கழுவுவது நம் கடமை. தூசை உறிஞ்சும் எந்திரம் பொருத்துவது யார் கடமை? 1939 லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்டதன்றோ சென்னை மாகாணம்! நலம் ஊர்ப்பொறுப்பு என்பது இங்கே பழைய பாடம்.

மாணவர்க்கு ஆலையையும் காட்டுங்கள். தோழர்களே, திங்கட்கிழமை இருமலை விதியென்று விடாதீர். மருத்துவரிடம் நோயோடு தொழிலையும் சொல்லுங்கள்!